குட்டிப் பிள்ளைகளுக்கு ஓபரா: பார்க்க வைப்பதா, பாட வைப்பதா?

நாலைந்து வயதுப் பிள்ளைக்கு ஓபராவை, அதாவது பாடியே கதை சொல்லும் மேற்கத்திய மேடைக் கலையை, அறிமுகம் செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு இப்போது வழிகள் நிறைய. தவழும் குழந்தைகளுக்கென்றே தனி நிகழ்ச்சிகள் வந்துவிட்டன. பெரிய அரங்குகள் பழைய ஓபராக்களை வெட்டிச் சுருக்கிக் குடும்பக் காட்சியாகப் போடுகின்றன. நாலு பாடகர்களும் ஒரு கீபோர்டுமாகப் பள்ளிக்கூடத்துக்கே வந்து நடத்திவிட்டுப் போகும் குழுக்கள் உண்டு. பாட்டை முன்னாலேயே கற்றுக்கொண்டு போய், அரங்கில் உட்கார்ந்த இடத்திலிருந்தே பிள்ளைகள் பாடும் வகை ஒன்று. அவர்களே கதை கட்டி மெட்டுப் போட்டுக் குட்டி ஓபரா ஒன்றைச் செய்துபார்க்கும் பட்டறை இன்னொன்று. எல்லா விளம்பரத்திலும் "குழந்தைகள் பங்கேற்கலாம்" என்று ஒரே வரிதான் இருக்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஏனென்றால் பங்கேற்பு இரண்டு ரகம். "சூனியக்காரி எங்கே ஒளிந்திருக்கிறாள்?" என்று மேடையிலிருந்து கேட்பார்கள், பிள்ளைகள் "அதோ!" என்று கத்துவார்கள். கத்தாமல் இருந்தாலும் கதை நடக்கும். இது ஒரு ரகம். பிள்ளைகள் பாட வேண்டிய இடத்தில் பாடாவிட்டால் இசையே நின்றுபோகும் என்பது இன்னொரு ரகம். முதலாவது மோசம் என்று சொல்ல வரவில்லை, மூன்று வயதுக்கு அதுவே தாராளம். ஆனால் ஓபரா ஒரு பிள்ளையிடம் ஒட்டிக்கொள்வது இரண்டாவதில்தான் என்பது என் கட்சி. கீழே வரும் ஒப்பீடு முழுக்க அந்தச் சாய்வு இருக்கும், தெரிந்தே படியுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் விசாரிக்க வேண்டியது மைக் உண்டா இல்லையா என்பதைத்தான். மைக் இல்லாத குரல்தான் ஓபராவின் உயிர். பயிற்சி பெற்ற குரலில், குறிப்பாக ஆண் குரலில், 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஆற்றல் குவிகிறது என்று 1970களில் ஸ்வீடனின் குரல் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி விளக்கினார். இசைக்குழுவின் ஒலி அந்தப் பகுதியில் மெலிந்திருக்கும், நம் காதோ அங்கேதான் கூர்மை. அதனால்தான் அத்தனை வாத்தியங்களையும் தாண்டி ஒற்றைக் குரல் கடைசி வரிசை வரை போய்ச் சேர்கிறது. பிள்ளைக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. ஒரு சாதாரண அறையில், ஐந்தாறு அடி தூரத்தில், ஒரு பாரிடோன், அதாவது நடுத்தர ஆழமுள்ள ஆண் குரல், நின்று பாடினால் போதும். விலா விரிவது கண்ணுக்குத் தெரியும், மூச்சை இழுப்பது காதில் விழும், அதிர்வு உடம்பில் படும். சில பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும், சில பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்ளும். இரண்டையும் தடுக்காதீர்கள். அவ்வளவு கிட்டத்தில் உச்சக் குரல் 100 டெசிபெல்லைத் தொடக்கூடும் என்பதால் காதைப் பொத்தும் பிள்ளைதான் விவரமான பிள்ளை. அனுபவமுள்ள பாடகர்கள் மெல்லிய பாட்டில் தொடங்கி, பெரிய சுரம் வரும்போது பத்தடி தள்ளிப் போய்விடுவார்கள்.

மைக்கும் ஒலிபெருக்கியும் வைத்து நடத்தினால் அது நல்ல இசை நாடகமாக இருக்கலாம், அதைப் பார்க்கவும் பார்க்கலாம். ஆனால் ஓபராவை அறிமுகம் செய்வதற்கு அது உதவாது.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குக் கதையே வேண்டாம். ஸ்காட்டிஷ் ஓபரா 2017-இல் போட்ட 'பாம்பினோ' ஆறு மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரையான குழந்தைகளுக்கென்றே லியம் பேட்டர்சன் இசையமைத்தது. இரண்டு பாடகர்கள், ஒரு செல்லோ, ஒரு தாளக் கலைஞர், அவ்வளவுதான். மேடை கிடையாது. குழந்தைகள் பாடகர்களுக்கு நடுவே தவழ்ந்து போகலாம், தொடலாம். அடுத்த ஆண்டே நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் ஓபராவும் அதைத் தன் அரங்குக்கு அழைத்தது. இந்த வகையின் பலம், பிள்ளை என்ன செய்தாலும் அது தப்பில்லை என்பது. அழுதால்கூட, பாடுபவர் அந்தச் சுருதியைப் பிடித்து ஏதாவது பதில் பாடிவிட முடியும். பலவீனமும் வெளிப்படை: பெரியவர்களுக்குத்தான் நினைவு தங்கும், பிள்ளைக்குத் தங்காது. அப்புறம் எதற்கு என்று கேட்டால், குரலைக் கண்டு மிரளாத பழக்கம் ஒன்று உண்டாகிறது, அவ்வளவுதான். அது போதும் என்பவர்கள் போகலாம். இதைத் தவறவிட்டால் பிள்ளை எதையோ இழந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நான்கு வயதுக்கு மேல்தான் உண்மையான தேர்வு வருகிறது. அநேகமாக முதலில் எழும் கேள்வி, பள்ளிக்கு வரும் சின்னக் குழுவா, பெரிய அரங்கின் சுருக்கப்பட்ட காட்சியா என்பது.

பெரிய அரங்கு என்றால் நிஜ இசைக்குழு, தூக்கிப் போடும் திரைகள், மேலிருந்து இறங்கும் நிலா, ஆயிரம் பேர் ஒன்றாக மூச்சை அடக்கும் அனுபவம் எல்லாம் உண்டு. மொசார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' இதற்கு வாடிக்கையான தேர்வு. 1791-இல் வியன்னாவில் அரங்கேறிய இந்த ஓபரா முழுசாக ஓடினால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். மெட்ரோபொலிட்டன் ஓபரா ஜூலி டேமர் இயக்கிய தயாரிப்பை ஆங்கிலத்தில், ஏறக்குறைய 100 நிமிடமாகச் சுருக்கி, விடுமுறைக் காலத்தில் போட்டுவருகிறது. 2006 டிசம்பரில் திரையரங்குகளுக்கு நேரலை அனுப்பத் தொடங்கியபோது முதலில் போனது இந்தச் சுருக்கம்தான். வாக்னரின் நீண்ட ஓபராக்களுக்கென்றே விழா நடக்கும் ஜெர்மனியின் பைராய்ட்டில் 2009 முதல் வாக்னரையே பிள்ளைகளுக்குச் சுருக்கித் தருகிறார்கள். நாலு மணி நேரம் உட்கார்ந்தே பழகிய வாக்னர் பக்தர்கள் இதைக் கேட்டு என்ன சொல்லியிருப்பார்களோ!

சுருக்கத்தில் சிக்கல் எங்கே என்றால், வெட்டுபவர்கள் பெரும்பாலும் கதையைக் காப்பாற்றி இசையை வெட்டுகிறார்கள். பிள்ளைக்குப் புரிய வேண்டுமே என்ற கவலை. மிஞ்சுவது நடுவில் நாலைந்து பாட்டு வரும் பேச்சு நாடகம். உண்மையில் 'மந்திரப் புல்லாங்குழ'லின் கதை பெரியவர்களுக்கே குழப்பம். பிள்ளைகளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. பொய் சொன்னதற்காகப் பறவை பிடிக்கும் பாப்பகேனோவின் வாயில் பூட்டுப் போட்டுவிடுகிறார்கள், அவன் "ம்ம் ம்ம் ம்ம்" என்றே ஒரு பாட்டில் பங்கெடுக்கிறான். அந்த இடத்துக்கு விளக்கம் வேண்டுமா? வாயை மூடிக்கொண்டு பாடுவதில் ஐந்து வயதுப் பிள்ளையை மிஞ்ச ஆள் கிடையாது. காட்சி முடிந்து வெளியே வரும் வழியெல்லாம் அதையே பாடிக்கொண்டு வரும்.

ஆகவே வெட்டிய பெரிய ஓபராவைவிட, பிறக்கும்போதே சின்னதாகப் பிறந்த ஓபராவைத் தேடுங்கள் என்பேன். ராவெல் இசையமைத்து 1925-இல் மான்டே கார்லோவில் அரங்கேறிய 'பிள்ளையும் மாயங்களும்' முக்கால் மணி நேரம்தான். வீட்டுப்பாடம் செய்ய மறுத்துச் சாமான்களை உடைக்கும் பையனிடம், அவன் உடைத்த நாற்காலியும் கடிகாரமும் தேநீர்க் குடுவையும் வந்து முறையிடுகின்றன. நடுவில் இரண்டு பூனைகள் வெறும் மியாவிலேயே ஒரு டூயட் பாடும். மெனோட்டியின் 'அமாலும் இரவு விருந்தாளிகளும்' 1951-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எழுதியது, அதுவும் ஏறக்குறைய அதே நீளம். முக்கியப் பாத்திரத்தைப் பாடுவது ஒரு சிறுவன். மேடையில் தன் வயதுப் பையன் நின்று பாடினால் பார்க்கும் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

பள்ளிக்கு வரும் குழுவில் இந்தப் பிரம்மாண்டம் எதுவும் இருக்காது. கீபோர்டு ஒன்று, மடக்கும் திரை ஒன்று, ஒருவரே இரண்டு மூன்று வேடம். கூடத்தில் எதிரொலி அதிகமிருந்தால் சொற்கள் குழம்பும். ஆனால் பிள்ளைக்குப் பழகிய இடம், பக்கத்தில் நண்பர்கள், பாடகர் கைக்கெட்டும் தூரத்தில். உடைமாற்றுவதும் கண்முன்னேயே நடக்கும். அம்மாவாகப் பாடியவரே சூனியக்காரியின் தொப்பியை மாட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்ட பிள்ளைக்குப் பயம் பாதியாகிவிடும். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளையும் அங்கே இருக்கும் என்பது இன்னொரு பெரிய நன்மை. இரண்டில் ஒன்றுதான் என்றால், ஏழு வயதுக்குக் கீழே நான் பள்ளிக் குழுவையே சொல்வேன். பிரம்மாண்டம் எட்டு வயதில் பார்த்தாலும் பிரம்மாண்டம்தான்.

பாட்டைக் கற்றுக்கொண்டு போவது

நான் அதிகம் வாதாட நினைப்பது இதற்காகத்தான். இதில் வழிகாட்டி ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டென். 1949-இல் இங்கிலாந்தின் ஆல்ட்பரோ விழாவில் அவர் போட்ட நிகழ்ச்சியின் பெயரே 'ஓபரா செய்வோம்' என்பது. முதல் பாதி ஒரு நாடகம்: சில பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து ஓபரா தயாரிக்கிறார்கள். அந்த ஒத்திகையின் சாக்கில் இசை நடத்துநர் சபையின் பக்கம் திரும்பி, சபைக்கும் நாலு பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். இரண்டாம் பாதியில் 'குட்டிப் புகைபோக்கிக்காரன்' என்ற ஓபரா நிஜமாகவே நடக்கும். புகைபோக்கி துடைக்க விற்கப்பட்ட எட்டு வயதுச் சாமை மற்ற பிள்ளைகள் ஒளித்துவைத்துக் காப்பாற்றும் கதை. நாலு பாட்டையும் சபைதான் பாட வேண்டும். இரவுப் பாட்டில் சபை நாலாகப் பிரிந்து ஆந்தை, நாரை, புறா, குருவி என்று ஆளுக்கொரு பறவையாகக் கூவும். யாராவது பாடாவிட்டால் ஒரு பறவை குறைந்துபோகும்.

1958-இல் ஆர்ஃபர்ட் தேவாலயத்தில் அரங்கேற்றிய 'நோவாவின் வெள்ள'த்தில் பிரிட்டென் இன்னும் ஒரு படி போனார். மழைத்துளிச் சத்தம் வேண்டும். உடன் வேலை செய்த இமோஜென் ஹோல்ஸ்ட் கொடுத்த யோசனைப்படி, தேநீர்க் கோப்பைகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டினார்கள். ஒவ்வொரு கோப்பையும் ஒவ்வொரு சுருதி. தட்டுவது பிள்ளைகள். வயலின் பகுதிகளையும் அப்படியே படிப்படியாக எழுதியிருக்கிறார்: நன்றாக வாசிப்பவருக்கு ஒன்று, நேற்றுத் தொடங்கியவருக்கு விரல் வைக்காத வெறுந்தந்தி. அந்த வெறுந்தந்தியை எடுத்துவிட்டால் புயல் காட்சி மெலிந்துபோகும். பிள்ளைக்கு வேலை கொடுப்பது என்றால் இதுதான். கையில் கிலுகிலுப்பையைக் கொடுத்து "எப்போது வேண்டுமானாலும் ஆட்டு" என்று விடுவது வேறு.

இத்தாலியில் கோமோ நகரத்து அஸ்லிகோ அமைப்பின் 'ஓபரா தொமானி' திட்டம் இதைப் பள்ளிகளுக்கு விரித்திருக்கிறது. முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. அவர்கள் வகுப்பில் சில பாடல்களைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், பிள்ளைகள் காகிதத்திலும் துணியிலும் சில பொருள்கள் செய்துகொள்கிறார்கள். காட்சியன்று குறித்த இடம் வந்ததும் அரங்கு முழுக்க உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மேடைப் பாடகர்களோடு சேர்ந்து பாடுகிறார்கள்.

இதன் விலை நேரம். வீட்டிலோ வகுப்பிலோ சில வாரம் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். அமைப்பாளர்கள் அனுப்பும் ஒலிப்பதிவைக் காட்சிக்கு முதல்நாள் ராத்திரி ஒருதரம் போட்டுக் காட்டினால் பலனில்லை. பாட்டு வாய்க்கு வந்திருக்க வேண்டும், அதாவது பிள்ளை செருப்பு மாட்டும்போது தானாக முணுமுணுக்க வேண்டும். இந்த நிகழ்ச்சிக்குத் தயாராகாமல் போனால் மற்ற எல்லா வகையையும்விட மோசமான அனுபவம் இதுதான். சுற்றிலும் எல்லோரும் பாட, உங்கள் பிள்ளை மட்டும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பட்டறை

பட்டறைகளில் தரம் ஏகத்துக்கு ஏறி இறங்கும். மூன்று மணி நேரப் பட்டறையில் இரண்டரை மணி நேரம் முகமூடிக்கு வண்ணம் அடிப்பதில் போய்விட்டால் அது கைவினை வகுப்பு. பிள்ளைக்குப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஓபராப் பாடகர் தேவையில்லை.

நல்ல பட்டறை பேச்சைப் பாட்டாக்குவதில் தொடங்கும். "தண்ணீர் வேண்டும்" என்பதைப் பாடிக் கேள், கோபமாகப் பாடிக் கேள், கெஞ்சிப் பாடிக் கேள். பத்து நிமிடத்தில் அறை முழுக்க ஆளாளுக்கு ஒரு மெட்டில் கெஞ்சிக்கொண்டிருக்கும். அடுத்து, ஓபராவால் மட்டுமே முடிகிற காரியம் ஒன்று. பிள்ளைகளை மூன்று கூட்டமாகப் பிரித்து, "நான் போக மாட்டேன்", "சீக்கிரம் கிளம்பு", "எனக்குப் பசிக்கிறது" என்று மூன்று வரிகளைக் கொடுத்து, ஒன்றுக்கொன்று இசைந்துபோகும் மூன்று மெட்டில் ஒரே நேரத்தில் பாட வைப்பார்கள். பேச்சு நாடகத்தில் மூன்று பேர் ஒரேயடியாகப் பேசினால் இரைச்சல். இங்கே மூன்றும் கேட்கும், அழகாகவும் இருக்கும். பிள்ளைகள் பாடிக்கொண்டே மற்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கும் அந்த நொடி வந்துவிட்டால், கொடுத்த காசு செரித்துவிட்டது.

நடத்துபவர் பிள்ளைகளைப் "பெரிய ஓபராக் குரலில்" பாடச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். வேடிக்கைக்கு ஒருதரம் என்றால் சரி, தொடர்ந்து என்றால் கூடாது. வளர்ந்தவர்களின் தொண்டையும் மூச்சும் பல வருஷப் பயிற்சியில் வருவது. பிள்ளைகளின் குரலை லேசாக, இயல்பான உயரத்தில் விட வேண்டும். மறுநாள் தொண்டை கட்டினால் அந்தப் பட்டறை சரியில்லை. கூச்சப்படும் பிள்ளைக்கு என்ன வேலை வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். "அவளும் பாடிவிடுவாள், பாருங்கள்" என்பது பதில் அல்ல. தாளம் தட்டுவது, குச்சியைக் கையில் எடுத்து எல்லோரையும் தொடங்கி வைப்பது, வரி மறந்தவருக்கு எடுத்துக்கொடுப்பது என்று ஓபராவில் பாடாதவர்களுக்கும் வேலை ஏராளம்.

ஒரே நாள் பட்டறையா, பல வாரம் நடந்து சொந்த ஓபராவில் முடிவதா? ஆறு வயது வரை ஒரே நாள். ஏழெட்டு வயதில் பல வாரம் என்பதற்கு அர்த்தம் வருகிறது, ஏனென்றால் அப்போதுதான் போன வாரம் போட்ட மெட்டு பிடிக்காமல் மாற்ற வேண்டும் என்று பிள்ளையே சொல்லும்.

முழு ஓபராவுக்கு நேரே கூட்டிப்போவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1983-இல் டொரொன்டோவில் தொடங்கிய, பாட்டின் மொழிபெயர்ப்பை மேடைக்கு மேலே காட்டும் எழுத்து பெரியவர்களுக்குப் பெரிய வரம். படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது வெறும் விளக்கு. பத்து வயதுக்கு முன்னால் வேண்டாம், பிள்ளையே கேட்டால் ஒழிய. வீட்டுத் திரையில் பார்ப்பது ஒத்திகைக்கு உதவும், அதற்கு மேல் இல்லை. முதல் அறிமுகமே திரை வழியாக என்றால், குரல் காற்றில் வரும் அந்த விஷயமே போய்விடுகிறது.

கதையில் என்ன இருக்கிறது என்பதையும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு ஏற்றது என்று போட்டிருந்தாலும், 'மந்திரப் புல்லாங்குழ'லில் பாப்பகேனோ தூக்குக் கயிற்றோடு நிற்கும் இடம் உண்டு, இரவு ராணியின் மகள் பாமினா கத்தியோடு வருவாள், அந்த ராணி தன் மகளிடமே கொலை செய்யச் சொல்லிப் பாடுவாள். சுருக்கங்களில் சிலர் இதை எடுத்துவிடுவார்கள், சிலர் வைத்துக்கொள்வார்கள். ஹம்பர்டிங்கின் 'ஹான்செலும் கிரெட்டெலும்' சூனியக்காரியை அடுப்பில் தள்ளுவதில் முடிகிறது. 1893-இல் வைமாரில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இசைக்குழுவை நடத்த அரங்கேறிய இந்த ஓபரா, ஹம்பர்டிங்கின் தங்கை ஆடெல்ஹைட் வெட்டெ தன் பிள்ளைகளுக்காகக் கேட்ட சில பாட்டுகளில் தொடங்கியது. வீட்டுப் பிள்ளைகளின் அளவுக்குத் தைத்தது என்பது முதல் அங்கத்து நடனப் பாட்டிலேயே தெரியும். காலால் தட்டு, கையால் தட்டு, தலையை ஆட்டு என்று வரிசையாக வரும் அந்தப் பாட்டுக்கு மூன்று வயதுப் பிள்ளையும் எழுந்து நின்றுவிடும். பாடகர்கள் ஊருக்கு வந்து எதை நடத்தலாம் என்று கேட்டால் நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான். ஹான்செலாகப் பெண் பாடுவார். "அது பையன் இல்லையே" என்று உரத்த குரலில் ஒரு பிள்ளையாவது சொல்லும். "ஆமாம், பையனாகப் பாடுகிறார்" என்றால் விஷயம் முடிந்தது.

முடிவெடுக்கும்போது பிள்ளையின் வயதைவிடக் குணத்தைப் பாருங்கள். சத்தத்துக்கு மிரளும் பிள்ளை என்றால், விளக்கை முழுசாக அணைக்காமல், நடுவில் எழுந்து போக அனுமதித்து நடத்தும் தளர்வுக் காட்சி இருக்கிறதா என்று விசாரித்து, ஓர இருக்கையாக வாங்குங்கள். ஓரிடத்தில் உட்காராத பிள்ளைக்குப் பட்டறை. உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துவிட்டு வீட்டுக்கு வந்து நடித்துக்காட்டும் ரகம் என்றால் சின்னக் குழுவின் காட்சி. பாடிக்கொண்டே திரியும் பிள்ளைக்கும், பொறுப்பெடுக்க ஒரு பெரியவருக்கும் நேரம் இருந்தால், யோசிக்காமல் பாட்டைக் கற்றுக்கொண்டு போகும் வகை.

பட்டறையும் காட்சியும் சேர்த்துத் தருகிறார்கள் என்றால் வரிசையைக் கேளுங்கள். பல இடங்களில் காட்சி முடிந்தபின் பட்டறை வைக்கிறார்கள், மேடைக் கலைஞர்களுக்கு அதுதான் தோது. பிள்ளைக்கு அது தலைகீழ். அதற்குள் களைத்துவிடும், பசி வேறு. காலையில் பட்டறையில் தான் பாடிய மெட்டை மத்தியானம் இசைக்குழுவோடு வேறொருவர் பாடக் கேட்பதில்தான் சுவாரஸ்யம். அந்த வரிசை கிடைக்காவிட்டால், முதல் வாரம் பட்டறை, அடுத்த வாரம் காட்சி என்று தனித்தனியாகவே வாங்கிவிடுங்கள்.